நரைத்த தலை இல்லாத ஊர்: எக்ஸ்பெடிஷன் 33, முதல் சில மணி நேரங்கள்

லூமியேர் நகரத்தில் நரைத்த தலை ஒன்றுகூடக் கிடையாது. தாத்தா பாட்டி என்று யாரும் இல்லை. கடலுக்கு அப்பால் வானத்தை முட்டிக்கொண்டு ஒரு பெரிய கல் நிற்கிறது, அதில் பொன்னிறத்தில் ஒரு எண் ஒளிர்கிறது, அதன் அடியில் மலை போன்ற ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறாள். ஆண்டுக்கு ஒருமுறை அவள் எழுந்து, பழைய எண்ணை அழித்துவிட்டு ஒன்று குறைத்து எழுதுவாள். அந்த வயதில் இருக்கிற அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே புகையும் பூவிதழுமாகக் கலைந்து போவார்கள். 67 ஆண்டுகளாக இப்படி நடக்கிறது. அவளைத் தடுக்க ஒவ்வொரு ஆண்டும் ஒரு குழு கப்பலேறிப் போகிறது. இதுவரை எந்தக் குழுவாலும் முடியவில்லை. இந்த ஆண்டு எழுதப்போகும் எண் 33.

'கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' தொடங்குவது இங்கேதான். 2025 ஏப்ரல் 24 அன்று பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், கணினி எல்லாவற்றுக்கும் வந்த கேம். பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில் சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் என்கிற சின்ன ஸ்டுடியோ செய்தது. நான் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை, முதல் பகுதிக்குள்தான் இருக்கிறேன். முடித்த பிறகு எழுதலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் இந்தத் தொடக்க நேரங்கள் மனதில் செய்கிற வேலை அப்படியே சூடாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் பின்னால் கதை எங்கே போனாலும் அது இந்தத் தொடக்கத்தின் மேல் வேறொரு நிறத்தைப் பூசிவிடும். முதல் சில மணி நேரக் கதையை இங்கே வெளிப்படையாகப் பேசப்போகிறேன். ஒன்றுமே தெரியாமல் ஆட நினைப்பவர்கள் இப்போதே நிறுத்திக்கொள்ளலாம், ஆடிவிட்டு வாருங்கள்.

குஸ்தாவ் ஒரு பொறியாளன், வயது 32. ஒரு கை உலோகக் கை. ஒரு கூரையின் மேல் நின்றுகொண்டு தொலைவில் தெரியும் அந்தக் கல்லை நோக்கிக் கற்களை வீசிக்கொண்டிருக்கிறான். அவன் தங்கையைப் போல வளர்த்த மாயெல் என்கிற பதினாறு வயதுப் பெண் வந்து, போய் சோஃபியைப் பார் என்று அவனைத் தள்ளிவிடுகிறாள். சோஃபி ஒருகாலத்தில் அவன் காதலி. அவளுக்கு இப்போது 33. அவ்வளவுதான், இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அடுத்த அரை மணி நேரம் நாம் என்ன செய்கிறோம் என்றால், கையில் ஒரு பூவோடு போய் அவளைப் பார்த்து, அவளோடு துறைமுகம் வரைக்கும் நடக்கிறோம்.

இந்த நடையைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். பெரும்பாலான ஆர்பிஜிகள் (ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் கேம்கள்) முதல் பத்து நிமிடத்துக்குள் கையில் வாளைக் கொடுத்து எதையாவது வெட்டச் சொல்லும், அப்புறம்தான் உலகம் ஆபத்தில் இருப்பதாக யாராவது வந்து சொல்வார்கள், நாமும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு போவோம். இங்கே அந்த அவசரம் இல்லை. கழுத்தில் மாலையோடு மனிதர்கள் தெருவில் நிற்கிறார்கள். இன்று போகப்போகிறவர்கள் யார் என்று பார்த்தவுடனே தெரிகிறது, யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. சிலர் சிரித்துப் பேசுகிறார்கள், சிலர் பேசவே இல்லை. நின்று பேச்சுக் கொடுத்தால் ஒவ்வொருவரும் தம் கடைசி மணி நேரத்தை வெவ்வேறு விதமாகக் கழிப்பது தெரிகிறது. குஸ்தாவும் சோஃபியும் ஏன் பிரிந்தார்கள் என்பதையும் அந்த நடையிலேயே பாதிச் சொற்களில் சொல்லிவிடுகிறார்கள்: அவனுக்குக் குழந்தை வேண்டும் என்று இருந்தது, இப்படிப்பட்ட ஓர் உலகத்துக்குள் ஒரு குழந்தையைக் கொண்டுவர அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு பேர் மீதும் தப்பில்லை. சாகும் ஆண்டு முன்கூட்டியே தெரிந்த ஊரில் ஒரு காதல் எதனால் உடையும் என்று யாரோ உட்கார்ந்து மெனக்கெட்டு யோசித்திருக்கிறார்கள், அந்த யோசனைதான் என்னை முதலில் பிடித்தது.

துறைமுகத்தில் நடப்பதை நான் விவரிக்கப் போவதில்லை. எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறார்கள், அவள் எழுந்து எண்ணை மாற்றுகிறாள், அதன் பிறகு காற்றில் இதழ்கள். இந்த ஊர்க்காரர்கள் அதை கோமாஜ் என்கிறார்கள். இவ்வளவு அழகாக ஒரு கொடுமையைக் காட்டலாமா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது, இன்னும் போகவில்லை. ஆனால் அந்த அழகு இல்லாமல் இருந்திருந்தால் நான் கண்ணைத் திருப்பியிருப்பேன் என்பதும் உண்மை.

அப்புறம் பயணம். குஸ்தாவ், லூன், மாயெல் எல்லாரும் அடங்கிய 'எக்ஸ்பெடிஷன் 33' என்கிற குழு கப்பலேறிக் கண்டத்தின் கரையில் இறங்குகிறது. அங்கே அவர்களுக்கு எதிரே ஒருவன் வந்து நிற்கிறான். வெள்ளை முடி, வெள்ளைத் தாடி. 33 வயதுக்கு மேல் யாருமே இருக்க முடியாத உலகத்தில் ஒரு கிழவன்! ஒரு ஆளின் நரையைப் பார்த்து நான் இப்படி அதிர்ந்துபோவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கேம் எந்த விளக்கமும் கொடுப்பதற்கு முன்னால், அந்தத் தலைமுடியே ஏதோ பெரிய தவறு நடக்கிறது என்று சொல்லிவிடுகிறது. சில நிமிடங்களில் குழு சிதைந்துவிடுகிறது. குஸ்தாவ் தனியாக விழித்து நடக்க ஆரம்பிக்கிறான், ஒரு குகைக்குள் தன் தோழர்களின் உடல்கள் குவிந்து கிடப்பதைப் பார்க்கிறான், துப்பாக்கியைத் தன் தலையில் வைத்துக்கொள்கிறான். லூன் வந்து தடுக்கிறாள். அவள் ஆறுதல் சொல்வதில்லை, குழுவாக எடுத்த உறுதிமொழியைத்தான் ஞாபகப்படுத்துகிறாள்: ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தொடர வேண்டும்.

குஸ்தாவின் ஆங்கிலக் குரல் சார்லி காக்ஸ். உடலசைவும் நடிப்பும் மக்சோன்ஸ் கசோர்லா என்ற பிரெஞ்சு நடிகருடையது. குகைக் காட்சியில் குரலைவிட உடம்புதான் அதிகம் பேசுகிறது, அதனால் இந்த இரண்டாவது பெயரையும் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும்.

சண்டைக்கு வருகிறேன். டர்ன்-பேஸ்டு என்றால் என் முறை வரும்போது நான் யோசிப்பேன், எதிரியின் முறை வரும்போது கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன், இதுதான் வழக்கம். இந்த கேமில் எதிரியின் முறையில்தான் அதிக வேலை. அடி வரும்போது சரியான கணத்தில் பொத்தானை அழுத்தி விலகலாம், அல்லது அதைவிடக் குறுகிய கணத்தில் அழுத்தி அடியையே தட்டிவிடலாம். விலகுவது சுலபம். தட்டிவிடுவது கடினம், ஆனால் ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஒரு செயல் புள்ளி கிடைக்கும், ஒரு வரிசையில் வரும் எல்லா அடிகளையும் தட்டிவிட்டால் நம் ஆள் பாய்ந்து திருப்பி அடிப்பான். செயல் புள்ளிதான் இங்கே எல்லாம். சாதாரணமாக ஒரு அடி அடித்தால் புள்ளி சேரும், திறன்களுக்குப் புள்ளி செலவாகும், துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடுவதற்கும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி. நன்றாகத் தட்டத் தெரிந்தவருக்கு எதிரியின் முறைதான் வருமானம்.

இதை வெறும் வேகச் சோதனை என்று நினைத்துவிடக் கூடாது. எதிரிகள் வேண்டுமென்றே தாமதிக்கிறார்கள். ஈட்டியை ஓங்கிவிட்டு ஒரு மூச்சு நிற்கிறான், நாம் அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்தியதும்தான் குத்துகிறான். ஆகவே ஒவ்வொருவனையும் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது: தோள் எப்போது சாய்கிறது, கால் எப்போது தரையை விடுகிறது, எந்த இடத்தில் ஒலி மாறுகிறது. வசந்தப் புல்வெளியில் எவெக் என்ற முதல் பெரிய எதிரியிடம் நான் ஒழுங்காக அடி வாங்கினேன், பிறகு அவன் அசைவுகள் ஒரு தாளமாகக் காதில் பதிந்தன, பதிந்த பிறகு அந்தச் சண்டை கிட்டத்தட்ட நடனம்போல ஆகிவிட்டது. இந்த நேரத்தில் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே முடியாது. வழக்கமான ஆர்பிஜியில் ஐம்பதாவது சின்னச் சண்டை வரும்போது நான் வேறு எதையோ யோசித்துக்கொண்டு விரலை மட்டும் ஓட்டுவேன். இங்கே அதற்கு இடமே இல்லை. கதை கேட்கிற அதே கவனத்தைச் சண்டையும் கேட்கிறது, அதனால் கதையின் பாரம் சண்டைக்குள் கரைந்துபோகாமல் அப்படியே கூட வருகிறது என்று எனக்குப் படுகிறது.

ஒவ்வொருவருக்கும் தனித் தனி முறை என்பதும் பிடித்திருக்கிறது. குஸ்தாவ் தன் உலோகக் கையில் மின்சாரத்தைச் சேர்த்துச் சேர்த்து ஒரே அடியில் கொட்டுகிறான். லூன் ஒரு மந்திரத்தைப் போட்டால் அதன் நிறம் மிச்சமாகத் தங்கும், அடுத்த மந்திரம் அந்த நிறத்தைச் செலவழித்து வலுவாகும், ஆக எந்த வரிசையில் போடுவது என்பதுதான் அவளுடைய கணக்கு. மாயெல் வாள்வீச்சுக்காரி. தாக்கும் நிலை, காக்கும் நிலை, எல்லாவற்றுக்கும் மேலே விர்ச்சுவோஸ் என்று ஒரு நிலை. அந்த மூன்றாவது நிலைக்கு அவளைக் கொண்டுபோய் நிறுத்தி அடிக்க வைத்தால் சேதம் பல மடங்கு. சிறியவள் என்று பாதுகாத்து வைக்கத் தோன்றுகிற பெண்தான் குழுவிலேயே அதிகம் சேதம் செய்கிறவள், குஸ்தாவுக்கும் அதே தடுமாற்றம் இருப்பது அவன் பேச்சில் தெரிகிறது.

பார்க்க எப்படி இருக்கிறது? லூமியேர் 1900-ஐ ஒட்டிய பாரிஸின் சாயலில் கட்டப்பட்ட ஊர், ஆனால் ஐஃபெல் கோபுரம் வளைந்து முறுகி நிற்கிறது, கட்டடங்கள் பாதியில் உடைந்து காற்றில் மிதக்கின்றன. கண்டத்துக்குள் போனால் 'பறக்கும் நீர்' என்று ஒரு பகுதி. கடலடித் தரை, பாசி, பவளம், மேலே நீந்திப்போகும் மீன்கள், குமிழிகள் எல்லாம் இருக்கின்றன, தண்ணீர் மட்டும் இல்லை. நாம் சாதாரணமாக நடக்கிறோம், மூச்சு விடுகிறோம். சண்டைக்குக்கூடப் போகாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஒளியை அவர்கள் கையாளுகிற விதம் ஓவியர்களுடையது: பாதி முகம் இருட்டில், ஒரு கன்னத்தில் மட்டும் வெளிச்சம், பின்னணியில் பொன்தூசி. சில இடங்களில் தூசியும் இதழும் ஒளியும் சேர்ந்து கொஞ்சம் அதிகமாகப் போகின்றன என்பேன், திரையில் எதிரி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ஆனால் அது அபூர்வம்.

இசையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். லோரியன் டெஸ்டார் இசையமைத்த முதல் கேம் இது. இணையத்தில் அவர் தன் பாட்டுக்குப் போட்டு வைத்திருந்த இசையைக் கேட்டுத்தான் இயக்குநர் கியோம் ப்ரோஷ் அவரை அழைத்தாராம். வெளியான இசைத்தொகுப்பில் 154 துண்டுகள், எட்டு மணி நேரத்துக்கும் மேல். பாடகி அலிஸ் துபோர்-பெர்சியேயின் குரல் கதையின் நடுவே வந்து போகிறது. பிரெஞ்சு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் புரிகிறது. பெரிய சண்டைகளின் உச்சத்தில் பாடல் எழும்போது, தட்டுவதற்கான தாளத்தை அந்தப் பாட்டிலேயே தேடிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இவை எல்லாமே பாராட்டத்தக்க வேலைகள், ஆனால் இந்த கேம் என்னை உண்மையிலேயே உலுக்கிய இடம் வேறு. அது எந்தக் காட்சியிலும் வராது, யாரும் கண்ணீர் விட மாட்டார்கள். பாறையில் ஏற வேண்டிய இடங்களில் கைப்பிடிகள் அடித்து வைத்திருக்கின்றன. எல்லா கேமிலும் இருப்பதுதானே என்று முதலில் கவனிக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, நமக்கு முன்னால் வந்து செத்துப்போன ஒரு குழு அடித்து வைத்தவை அவை. ஓய்வெடுத்து உடல்நலத்தைத் திரும்பப் பெறுகிற இடங்களில் கொடிகள் நடப்பட்டிருக்கின்றன, அவையும் முந்தைய குழுக்கள் நட்டவை. வழியெங்கும் கல்லாகிக் கிடக்கிற உடல்கள், சிலவற்றின் அருகே ஒரு குறிப்பேடு, எடுத்தால் ஒரு குரல் படிக்கிறது. எங்கே எப்படிச் சிக்கினோம், எதைக் கண்டுபிடித்தோம், நீங்கள் இதைச் செய்யாதீர்கள் என்று தனக்குப் பின் வரப்போகிற, தான் பார்க்கவே போகாத ஒருவரிடம் பேசுகிறது.

இவர்களின் முழக்கமே 'பின்னால் வருபவர்களுக்காக' என்பதுதான். அதை யாராவது மேடையேறிச் சொல்லியிருந்தால் நான் கடந்துபோயிருப்பேன். கையால் பிடித்து ஏறும்போது கடக்க முடியவில்லை. நான் ஏறுகிற ஒவ்வொரு பிடியும், ஓய்வெடுக்கிற ஒவ்வொரு கொடியும் யாரோ தன் கடைசி ஆண்டில் எனக்காகச் செய்துவைத்த வேலை. குஸ்தாவும் முகாமில் உட்கார்ந்து ஊரில் விட்டுவந்த தன் மாணவர்களுக்காகக் குறிப்பேடு எழுதுகிறான், அதாவது அவனும் கைப்பிடி அடித்துக்கொண்டுதான் இருக்கிறான். ஒரு கேமில் ஏணிக்கும் சேமிப்புப் புள்ளிக்கும் இப்படி ஒரு பொருளைக் கொடுக்க முடியும் என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. சோகக் கதை எழுதுவது அவ்வளவு பெரிய காரியமில்லை. சோகத்தை நான் தினமும் பயன்படுத்துகிற கருவியாக மாற்றி என் கையில் கொடுத்ததுதான் பெரிய காரியம். எழுத்தை முன்னின்று கவனித்தவர் ஜெனிஃபர் ஸ்வெட்பெர்க்-யென். குரல் கொடுக்க வந்து எழுத்துக்குள் நுழைந்தவர் என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது.

குறை இல்லாமலில்லை. பகுதிகளுக்குள் சின்ன வரைபடம் கிடையாது. தொலைந்துபோய்ச் சுற்றுவதில் ஒரு சுகம் உண்டு என்று அதை நான் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ஒரே மாதிரி மூன்று பாதைகள் பிரியும்போது எதில் ஏற்கெனவே போனோம் என்று தெரியாமல் திரும்பத் திரும்ப நடப்பதில் எந்தச் சுகமும் இல்லை. குதித்துத் தாண்ட வேண்டிய இடங்களில் கால்கள் மரத்துப்போனவைபோல் இருக்கின்றன. பிக்டோஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது: ஆளுக்கு மூன்று அணியலாம், நான்கு சண்டைகள் ஜெயித்தால் அதன் பலனைக் குழுவில் எல்லாருமே கற்றுக்கொண்டு புள்ளி செலவழித்துப் பயன்படுத்தலாம். யோசனை அருமை, ஆனால் பட்டியல் சீக்கிரமே நீண்டுவிடுகிறது, மெனுவில் நேரம் போகிறது.

ஸ்டுடியோவின் மையக் குழு சுமார் முப்பது பேர்தான், வெளியிலிருந்து அசைவூட்டம், இசைக்குழு, சோதனை என்று பலர் உதவியிருக்கிறார்கள். ப்ரோஷ் யூபிசாஃப்ட் என்கிற பெரிய கேம் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர், ஃபைனல் ஃபேன்டஸி 10, லாஸ்ட் ஒடிஸி போன்ற ஜப்பானிய ஆர்பிஜிகளில் வளர்ந்தவர். இந்த வகை கேம்களுக்கு இனிப் பெரிய அளவில் ஆள் கிடையாது என்று பல ஆண்டுகளாகப் பேச்சு இருந்தது. இது மூன்று நாளில் பத்து லட்சம் பிரதிகள் விற்றது, 33 நாளில் 33 லட்சம். அந்தப் பேச்சை இனி யாரும் என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்று மட்டும். மூன்று கடினநிலைகள் இருக்கின்றன, இடையில் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். தட்டிவிடும் கணம் கைக்கு வரவில்லை என்றால் சுலபமான ஸ்டோரி நிலையில் ஆடுங்கள், அதில் எந்தக் குறைவும் இல்லை. லூமியேர் நகரத்து நடையில் மட்டும் ஓடாதீர்கள், எல்லாரிடமும் நின்று பேசுங்கள்.

நான் இப்போது கெஸ்ட்ரல்களின் கிராமத்தில் இருக்கிறேன். தூரிகைத் தலையோடு மரப்பொம்மை மாதிரி இருக்கும் இந்தக் கெஸ்ட்ரல்களுக்குச் சண்டை போடுவதைவிடப் பெரிய இன்பம் எதுவுமில்லை. இவ்வளவு துயரத்துக்கு நடுவில் இவர்களைக் கொண்டுவந்து வைத்தது நல்ல காரியம், முகாமில் சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்திருக்கிறது. சியெல் குழுவில் சேர்ந்துவிட்டாள், சீட்டுகளை வைத்து எதிரியின் மேல் குறி போட்டு அறுக்கிற அவளுடைய முறை எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. அடுத்து எஸ்கீ என்ற ஒருவனைக் கண்டுபிடித்தால்தான் கடலைத் தாண்ட முடியும். கரையில் பார்த்த அந்தக் கிழவன் எப்படி அவ்வளவு வயது வரை இருந்தான், இருந்தவன் ஏன் தன் இனத்தையே வெட்டுகிறான் என்பதற்கு என்னிடம் ஒரு ஊகம் இருக்கிறது. குழு சிதைந்த பிறகு மாயெல் ஒரு மாளிகைக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பதோடு அதை முடிச்சுப் போட்டுப் பார்க்கிறேன், ஆனால் குஸ்தாவின் குறிப்பேட்டில் இன்னும் நிறையப் பக்கங்கள் வெற்றாக இருக்கின்றன, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.